பேர் போடுவார்களா?

“சேர், படத்துல நடிக்கப் போனா பேரு போடுவாங்களா?”

ஆனி மாதத்து மழை விடாது பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், எமது பாடசாலை விறாந்தையில் நின்று ஒரு தாய் கேட்ட கேள்வி இது. மாலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, இடுப்பில் கட்டிய படங்கையும் அவிழ்க்காமல் அவர் நேரே எம்மிடம் வந்திருந்தார். பக்கத்தில் அவருடைய மகள். எட்டாம் வகுப்பு மாணவி; வயது பதின்மூன்று.

மலைநாட்டுக்கு வெளியே வாழும் வாசகர் இதனைப் புகழ் பற்றிய கேள்வியாகக் கொள்ளக்கூடும். அப்படியன்று. தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஒரு நாட்கூலி. காலையில் பிரட்டுக்குப் போய், குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்தால் செக்ரோலில் அன்றைக்கு ஒரு பேர் விழும். நிறை குறைந்தால் அரைப்பேர். காய்ச்சலென்று லயத்தில் படுத்துவிட்டால் பேரே இல்லை. ஆயிரம் ரூபா நாட்கூலிக்காகப் பல ஆண்டுகள் குரலெழுப்பி, 2021-ம் ஆண்டில்தான் அதனைக் கண்ணாற் கண்ட மக்கள் இவர்கள். ஆகவே அந்தத் தாயின் கேள்வி மிக நேரானது. என் பிள்ளை உழைத்தால் அந்த உழைப்புக் கணக்கில் ஏறுமா? ஏறினால் யார் கணக்கில் ஏறும்?

நடந்தது இதுதான். தமிழ் மொழித் தினப் போட்டிக்கென நாம் ஒரு சிறு நாடகம் எழுதினோம். அதில் ஒரு கிழவியின் வேடத்தை இந்தச் சிறுமிக்குக் கொடுத்தோம். கூனிய முதுகும் நடுங்கும் குரலுமாக அவள் மேடையில் வந்து நின்றபோது சபை சிரித்தது. முடிவில் கண்ணீரும் விட்டது. யாரோ ஒருவர் அதனைக் கைத்தொலைபேசியில் படம்பிடித்து உலவவிட்டார். இரண்டு வாரங்களில் கொழும்பிலிருந்து ஒரு குழுவினர் இராகலைக்கு வந்து சேர்ந்தனர். தொலைக்காட்சிக்கு ஒரு நாடகம். அதன் பின்னர் சிறுவர் பல்சுவை நிகழ்ச்சி ஒன்று. தவணை நடுவே பத்துப் பதினைந்து நாட்கள் பிள்ளையை அனுப்ப வேண்டும் என்றார்கள். ஊதியம் பற்றிக் கேட்டபோது, “இப்படியொரு வாய்ப்புக் கிடைப்பதே பெரிய காரியம்” என்றார்கள்.

பேராதனையில் தமிழ் படித்துவிட்டுத் திரும்பிய நாளிலிருந்து, எங்கள் பிள்ளைகளின் திறமை மலையைத் தாண்டி ஒலிக்க வேண்டும் என்று மேடைதோறும் முழங்கி வந்தவர் நாம். ஒலிப்பதற்கு வழி திறந்தபோது எமது நெஞ்சிலும் ஆசை எழுந்தது என்பதை மறைப்பானேன்? அந்தச் சிறுமி பேசிய வசனங்கள் எமது வசனங்கள். அவளுடைய புகழில் எமக்கும் ஒரு பங்கு உண்டென உள்ளூர நினைத்தோம். தாயின் கேள்விதான் எம்மைத் தலையில் குட்டியது. “இரண்டு நாள் பொறுங்கள் அக்கா, யோசித்துச் சொல்கிறோம்” என்று அனுப்பிவைத்தோம்.

அன்றிரவு எமது நினைவுக்கு வந்தவர் தபஸ்ஸும்.

2022-ம் ஆண்டு நவம்பர் மாதத்தில், தமது எழுபத்தெட்டாம் வயதில் அவர் மறைந்தபோது எங்கள் ஊரில் அதை அறிந்தவர் அரிது. இந்தித் திரையுலகிலோ மூன்று தலைமுறையினர் அவரை அறிவர். குழந்தை நட்சத்திரமாகப் புறப்பட்டு, இந்தியத் தொலைக்காட்சியின் முதல் உரையாடல் நிகழ்ச்சி எனப் பொதுவாகக் குறிக்கப்படும் நிகழ்ச்சியை இருபத்தொரு ஆண்டுகள் நடத்தியவர் அவர்.

பிறந்தது 1944-ம் ஆண்டில். தந்தை அயோத்தியாநாத் சச்தேவ், தாய் அஸ்கரி பேகம். இருவரும் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டவர்கள். தாய் பத்திரிகையாளர், எழுத்தாளர். தந்தை இந்து, தாய் முஸ்லிம். தாயின் சமயத்தை மதித்துத் தந்தை மகளுக்குத் தபஸ்ஸும் என்று பெயரிட்டார். தந்தையின் சமயத்தை மதித்துத் தாய் கிரண்பாலா என்று பெயரிட்டார். தபஸ்ஸும் என்ற சொல்லுக்குப் புன்முறுவல் என்பது பொருள். நாடு இரண்டாகப் பிளந்து இரத்தம் பெருகிய 1947-ம் ஆண்டில், இரண்டு சமயப் பெயர்களைத் தாங்கிய இந்தக் குழந்தை ‘நர்கிஸ்’ என்ற படத்தில் முதன்முதலாகத் திரையில் தோன்றியது. அப்போது அதற்கு வயது மூன்று.

ஆயினும் சுவரொட்டியில் அந்த அழகிய பெயர்களுக்கு முன்னால் வேறொரு சொல் வந்து குந்திக்கொண்டது. ‘பேபி’ தபஸ்ஸும்! 1949-ல் ‘படீ பஹன்’, 1951-ல் ‘தீதார்’, 1952-ல் ‘பைஜு பாவ்ரா’. ‘தீதார்’ படத்தில் நர்கிஸின் சிறுவயதுப் பாத்திரம். ‘பைஜு பாவ்ரா’வில் மீனாகுமாரியின் சிறுவயதுப் பாத்திரம். குழந்தை நட்சத்திரத்தின் தொழில் எத்தகையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? கதாநாயகி வளர்ந்து திரைக்கு வரும்வரை அவளுடைய இடத்தைக் காத்து நிற்பது. காட்சி மாறியதும் பெரியவள் வருவாள், குழந்தை மறைந்துவிடும். அது பேசிய சொல் இன்னொருவர் எழுதியது. அழுத அழுகை இன்னொருவர் கேட்டது. வாங்கிய பெயரோ இன்னொருத்தியின் இளமைக்கு உரியது.

எமது தமிழ்த் திரையிலும் ‘பேபி’, ‘மாஸ்டர்’, ‘குட்டி’ என்ற சொற்கள் இவ்வாறே பிள்ளைகளின் பெயர்களில் ஒட்டிக்கொண்டன. 1965-ல் வெளிவந்த ‘குழந்தையும் தெய்வமும்’ படத்தில் இரட்டை வேடமேற்ற பத்மினி, பின்னாளில் தொலைக்காட்சித் தொடர்களைத் தயாரிக்கும் நிலைக்கு உயர்ந்த பிறகும் ‘குட்டி’ பத்மினியாகவே அழைக்கப்படுகிறார். 1969-ல் ‘துணைவன்’ படத்தில் குழந்தையாக நடித்த ஸ்ரீதேவி, 1976-ல் ‘மூன்று முடிச்சு’ படத்தில் கதாநாயகியானார். அப்போது அவருக்கு வயது பதின்மூன்று. இந்த எண்ணை எழுதும்போது எமது பேனா தயங்குகிறது. எமது எட்டாம் வகுப்பில் இருக்கும் ஒவ்வொரு சிறுமியின் வயதும் அதுதானே! 1960-ல் ‘களத்தூர் கண்ணம்மா’வில் தோன்றிய சிறுவன் கமல்ஹாசனுக்கோ, நடனம் கற்று, தொழில் கற்று, ஆண்மகனாகி மீண்டும் திரைக்கு வரக் காலம் கிடைத்தது. 2017-ல் தொலைக்காட்சி மேடையில் நிகழ்ச்சி நடத்துநராக அவர் வந்து நின்றதை எங்கள் லயங்களில் பார்க்காதவர் யார்? ஆண் பிள்ளைக்கு வளரக் காலம் கொடுத்த திரை, பெண் பிள்ளையை ஒன்றில் மறந்துவிடுகிறது. அன்றேல் வளருமுன்பே வளர்ந்தவளாக்கிவிடுகிறது.

தபஸ்ஸும் இந்த இரண்டுக்கும் தப்பினார். வளர்ந்த பின் திரையில் சிறு சிறு பாத்திரங்களே அவருக்குக் கிட்டின. ஆனால் 1972-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பம்பாயில் தொலைக்காட்சி நிலையம் திறக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே ‘பூல் கிலே ஹைன் குல்ஷன் குல்ஷன்’ என்ற நிகழ்ச்சியோடு அவர் அதனுள் நுழைந்தார். பூங்காதோறும் பூக்கள் மலர்ந்தன என்று அப்பெயரைத் தமிழில் சொல்லலாம். திரையுலகத்தாரை அழைத்து வந்து, எதிரே இருத்தி, உரையாடுவதே நிகழ்ச்சி. அப்போது படம் கறுப்பு வெள்ளை. 1982-ல் இந்தியத் தொலைக்காட்சிக்கு வண்ணம் வந்தது. நிகழ்ச்சி அப்போதும் நடந்தது. 1993-ம் ஆண்டு வரை நடந்தது. இதனோடு ‘கிருஹலக்ஷ்மி’ என்ற இந்திப் பெண்கள் இதழுக்குப் பதினைந்து ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார். 1985-ல் ஒரு படத்தை எழுதி, தயாரித்து, தாமே இயக்கினார். முதுமையில், இணையத்தில் தமக்கென ஓர் ஒளிவழியை அமைத்து, பழைய திரைக் கலைஞர்களைப் பற்றிக் கதை சொன்னார்.

எமக்கு இந்தி தெரியாது. எனினும் அவருடைய பழைய நேர்காணல்கள் சிலவற்றை அன்றிரவு பார்த்தோம். மூன்று வயதில் பிறர் எழுதிக் கொடுத்ததைச் சொன்ன குழந்தை, இப்போது கேள்வி கேட்கிறது. பெரியவர்கள் பதில் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் எந்தப் பெரியவர்களுக்காகச் சிரிக்கவும் அழவும் பணிக்கப்பட்டதோ, அதே உலகத்துப் பெரியவர்கள்! ‘பேபி’ என்ற சொல் உதிர்ந்துவிட்டது. தபஸ்ஸும் என்ற பெயர் மட்டும் நிற்கிறது.

அவருக்கு இது ஏன் கைகூடியது? திறமை ஒன்றே காரணம் என்றால் அது அரைகுறைப் பதில். திறமைசாலிக் குழந்தைகள் எத்தனையோ பேர் காலத்தில் கரைந்து போயினர். பேனா பிடித்த தாய் ஒருத்தி வீட்டில் இருந்தாள். மகளை உழைக்கும் கையாக மட்டும் பாராது, பெயருக்குரிய ஆளாகப் பார்த்த பெற்றோர் இருந்தனர். அவர் வாலிபத்தை அடைந்த வேளையில், அழகுப் பதுமையை அன்றி நாவன்மையைக் கேட்கும் புதியதொரு சாதனம் பிறந்தது. குடும்பம், கல்வி, காலம் ஆகிய மூன்றும் சேர்ந்தன.

சேராதவர்களின் கதையையும் உலகம் அறியும். 1921-ல் சார்ளி சாப்ளினோடு ‘தி கிட்’ படத்தில் நடித்த ஜாக்கி கூகன் என்ற சிறுவன், முப்பது இலட்சம் டொலருக்கும் மேல் உழைத்ததாகக் கணிக்கப்பட்டது. வளர்ந்து கைநீட்டியபோது, தாயும் மாற்றாந்தந்தையும் அதனைச் செலவிட்டிருந்தனர். 1938-ல் வழக்குத் தொடுத்தார்; கிடைத்தது ஏறத்தாழ 1,26,000 டொலர். அந்த வழக்கின் பயனாகவே, குழந்தை நடிகரின் ஊதியத்தில் ஒரு பகுதியை அவர்கள் பெயரிலேயே காக்க வேண்டும் என்ற சட்டம் 1939-ல் கலிபோர்ணியாவில் வந்தது. ஹொலிவூட்டின் செல்லக் குழந்தையான ஷேர்லி டெம்பிளும் முப்பது இலட்சத்துக்கு மேல் உழைத்தார். தமக்கென மிஞ்சியது சுமார் 44,000 டொலர் என்று பின்னாளில் எழுதினார். அவரும் 1958-ல் தொலைக்காட்சிக்கு வந்து குழந்தைகளுக்குக் கதை சொல்லும் நிகழ்ச்சியை நடத்தினார். பின்னர் தூதுவராகவும் பணிபுரிந்தார். ஆனால் குழந்தைப் பருவத்தின் உழைப்பை அவருக்கு யார் திருப்பிக் கொடுத்தார்?

இந்தியாவில் 2017-ம் ஆண்டின் விதிகள், நடிக்கும் குழந்தையை நாளொன்றுக்கு ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது, ஓய்வின்றி மூன்று மணித்தியாலத்துக்கு மேல் நிறுத்தலாகாது, தொடர்ச்சியாக இருபத்தேழு நாட்களுக்கு மேல் அழைக்கலாகாது, வருமானத்தில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கைக் குழந்தையின் பெயரிலேயே வங்கியில் வைப்பிலிட வேண்டும் என்று விதிக்கின்றன. எமது நாட்டில் சிறுவர் வேலை பற்றிய 1956-ம் ஆண்டின் 47-ம் இலக்கச் சட்டம் 2021-ல் திருத்தப்பட்டு, வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயது பதினாறாக உயர்த்தப்பட்டது. ஏட்டில் சட்டம் உண்டு. ஆனால் லயத்து வாசலில் வந்து நிற்கும் வாகனத்தை நிறுத்தி, “பிள்ளையின் பெயரில் எவ்வளவு போடுவீர்கள்?” என்று கேட்பவர் யார்? அந்தத் தாய் கேட்டார். அவர் சட்டம் படித்தவரல்லர், செக்ரோல் படித்தவர்.

படித்தவர் என்று சொல்வதற்கு எமது மக்களின் வரலாறே காரணம். தேயிலைத் தோட்டம் ஒரு காலத்தில் சிறுவரின் கையையும் எண்ணியே கணக்குப் போட்டது. 1927-ம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, சிறுவருக்கு ஒன்று என மூன்று கூலிகளுக்கு வழி செய்தது. பிள்ளையின் உழைப்பு அன்று சட்டத்துக்கு விரோதமன்று. சட்டத்திலேயே அதற்கொரு பத்தி இருந்தது! பின்னர் அந்தப் பத்தி மறைந்தது. பிள்ளைகளின் கை கொழுந்துக் கூடையிலிருந்து கொழும்பு வீடுகளின் அடுப்படிக்கு மாறியது. இன்று ஒளிவிளக்கின் முன்னும் அந்தக் கையைக் கேட்டு ஆள் வருகிறார்கள்.

தொலைக்காட்சியை வெறுத்து நாம் இதை எழுதவில்லை. எமது சிறுவயதில், மின்சாரம் வராத லயத்தில், கார் பற்றரி ஒன்றில் இணைத்த கறுப்பு வெள்ளைப் பெட்டியின் முன்னே நாற்பது பேர் நெருக்கியடித்து அமர்ந்து பார்த்த இரவுகளை மறக்க முடியாது. அந்தப் பெட்டியில் எங்கள் மொழி கேட்டது. ஆனால் எங்கள் பேச்சுக் கேட்கவில்லை. மலையகத்தார் தோன்றினால் அது வேலைக்காரராக, அல்லது கேலிக்குரியவராக. எங்கள் பிள்ளை ஒருத்தி அதில் தோன்ற வேண்டும் என்ற ஆசை தவறாகுமா? தவறன்று. எதற்காகத் தோன்றுகிறாள், எவர் எழுதியதைச் சொல்கிறாள், எவர் கணக்கில் உழைக்கிறாள் என்பவையே கேள்விகள்.

இரண்டாம் நாள் தாயையும் மகளையும் அழைத்தோம். நான்கு நிபந்தனைகளை ஒரு தாளில் எழுதினோம். பாடசாலை விடுமுறையில் மட்டுமே படப்பிடிப்பு. தாய் கூடவே இருக்க வேண்டும். அதனால் அவர் இழக்கும் நாட்பேரை அவர்களே ஈடுசெய்ய வேண்டும். ஊதியம் பிள்ளையின் பெயரிலுள்ள வங்கிப் புத்தகத்தில் விழ வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வசனத்தை முன்கூட்டியே பிள்ளை வாசித்து, விரும்பாததைச் சொல்ல மறுக்கலாம். தாய் அந்தத் தாளை மடித்து மார்புக்குள் செருகிக்கொண்டு போனார்.

கொழும்புக் குழுவினர் அதனை வாசித்தனர், சிரித்தனர், யோசித்துச் சொல்வதாகக் கூறினர். பின்னர் ஒரு தொலைபேசி அழைப்பும் வரவில்லை. வேறு எங்கோ, தாள் எழுதத் தெரிந்த ஆசிரியர் இல்லாத ஊரில், வேறொரு பிள்ளையைக் கண்டுபிடித்திருப்பார்கள்.

அந்தச் சிறுமி எம்மீது கோபம் கொண்டாள். ஒரு மாதம் வரை வகுப்பில் எமது முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளுடைய கோபத்தில் நியாயம் இல்லையென்று எம்மாற் சொல்ல முடியாது. எமது நிபந்தனைகளால் ஒரு கதவு மூடப்பட்டது. வறியவன் நியாயம் கேட்டால் வாய்ப்பு அடுத்த வாசலுக்குப் போய்விடும் என்பதை அவள் பதின்மூன்று வயதில் கற்றுக்கொண்டாள். அந்தப் பாடத்தைக் கற்பித்தவர் நாம் என்ற குற்றவுணர்வு இன்றும் எம்மை விட்டு நீங்கவில்லை. நாமாவது அவளுக்கு வேறொரு கதவைத் திறந்தோமா?

அந்தக் கேள்வியிலிருந்து எழுந்ததே, மூன்றாம் தவணையில் எமது மாணவர் மன்றத்தில் தொடங்கிய சிறு நிகழ்ச்சி. தபஸ்ஸுமின் கதையை வகுப்பில் சொன்னோம். “இனி நாடக வசனம் நாம் எழுதித் தரப்போவதில்லை. ஊரில் ஒருவரை அழைத்து வாருங்கள், கேள்விகளை நீங்களே எழுதுங்கள், நீங்களே கேளுங்கள்” என்றோம். முதலில் எவரும் முன்வரவில்லை. மூன்றாம் வாரத்தில் அந்தச் சிறுமி தன் அப்பாயியைக் கைப்பிடித்து அழைத்து வந்தாள். மேடையில் அவள் பாவனை செய்த கிழவி யாரென்பது அப்போதுதான் எமக்கு விளங்கியது.

இரண்டு கதிரைகள். எதிரெதிரே அப்பாயியும் பேத்தியும். கையில் நான்காக மடித்த கொப்பித் தாள்.

“அப்பாயி, நீங்க எத்தனை வயசுல மலைக்குப் போனீங்க?”

“பன்னெண்டு இருக்கும்.”

“அப்ப உங்களுக்குப் பேரு போட்டாங்களா?”

“போட்டாங்க. சின்னப் புள்ளைக்குச் சின்னப் பேரு.”

“சல்லி உங்க கையில தந்தாங்களா?”

கிழவி சிரித்தார். “எங் கையில எதுக்கு? சம்பளத்தன்னிக்கு அப்பா போய் வாங்கிக்கிட்டு வந்துருவாரு. கல்யாணத்துக்கப்புறம் ஒங்க தாத்தா வாங்குனாரு. பேருதான் என்னோடது.”

வகுப்பில் எவரும் சிரிக்கவில்லை. சிறுமி தாளைப் பார்த்தாள். அடுத்த கேள்வி அதில் எழுதப்பட்டிருந்ததா, அந்தக் கணத்தில் பிறந்ததா, நாம் அறியோம்.

“அந்தச் சல்லிய உங்க கையில தந்திருந்தா என்ன வாங்கியிருப்பீங்க?”

எழுபது வயதைத் தாண்டிய அந்த மூதாட்டி நீண்ட நேரம் பேசாதிருந்தார். அவரிடம் வாழ்நாளில் எவரும் கேட்டிராத கேள்வி அது. பிறகு மெல்லச் சொன்னார்: “ஒரு சிலேட்டு.”

அன்று மாலை அந்தத் தாய் மீண்டும் எம்மிடம் வந்தார். கையில் ஒரு வங்கிப் புத்தகம். மகளின் பெயரில் அவர் அதனைத் திறந்திருந்தார். உள்ளே கிடந்தது ஐந்நூறு ரூபா. நடித்து வந்த பணமன்று. கொழுந்து பறித்து வந்த பணம். “பேரு சரியா எழுதியிருக்காங்களான்னு பாருங்க சேர்” என்றார்.

எழுத்தெழுத்தாக வாசித்துப் பார்த்தோம். சரியாகவே இருந்தது.